இடக்கையால் முறுக்கிய கம்பி

வெள்ளிக்கிழமை. முதல் வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது கல்லூரி வாசலில் ஒருவர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார். மணவாளக்குறிச்சி மணல் ஆலைத் தொழிலாளி. காக்கிச் சட்டையின் மடிப்புகளில் கருமணல். என் பெயரைக் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு சொன்னார்.

“நம்ம சூசை அண்ணன் விடியக்காலம் போயிட்டாரு சார். பத்து நாளா நெஞ்சுவலின்னு கெடந்தாரு. உங்களுக்குத் தெரிவிக்கணும்னு அவரு அக்கா சொன்னா. மூணு மணிக்கு அடக்கம்.”

தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்று சைக்கிளைத் திருப்பினார். அவருக்கு இன்னும் பல வீடுகளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு ஒருவரிடம் மட்டும். என் மதினியிடம்.

கடியப்பட்டணம் சூசை மரியான் அவர்களை இந்தப் பக்கத்தில் அதிகம் பேர் அறிய மாட்டார்கள். மணல் ஆலையில் எஞ்சின் பார்ப்பவர் என்று சிலருக்குத் தெரியும். யுத்தத்தின்போது விமானப்படையில் ஃபிட்டராக இருந்தவர் என்று இன்னும் சிலருக்கு. என் அண்ணன் தாணுமாலயன் ஓட்டிய விமானத்தின் எஞ்சின் அவருடைய பொறுப்பில் இருந்தது. அண்ணன் பர்மா எல்லையிலிருந்து திரும்பவில்லை. சூசை அண்ணன் திரும்பினார். பத்து வருஷம், ஒவ்வொரு மாசியிலும், எங்கள் வீட்டுக்கு வந்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். நாங்கள் பதில் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

*

அண்ணன் திருவனந்தபுரத்தில் பி.ஏ. முடித்ததும் யாரிடமும் கேட்காமல் மனுப் போட்டு விமானி ஆனார். அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். அம்மா மூன்று நாள் பேசாமல் இருந்தாள். பிறகு, போவதற்குள் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்றாள். பகவதி மதினி அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. அண்ணனோடு அவள் இருந்தது நாற்பது நாள்.

அடுத்த வருஷம் மாசியில் தந்தி வந்தது. காணவில்லை என்றிருந்தது. இறந்தார் என்றில்லை. பின்னால் வந்த கடிதமும் அதையே நீட்டிச் சொன்னது. யுத்தம் முடிந்தது. காணாமல் போன சிலர் எங்கோ சிறை முகாமிலிருந்து திரும்பி வந்தார்கள் என்று பத்திரிகையில் போட்டார்கள். அம்மா அந்தத் துண்டுகளை வெட்டச் சொல்லி அரிசிப்பானைக்கு அடியில் வைத்தாள்.

*

நாற்பத்தேழு மாசியில் சூசை அண்ணன் முதல்முறை வந்தார். கும்பப்பூ நெல் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. முற்றத்தில் நெல் குவிந்து கிடந்தது. அவர் நெல்லை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்து, வாசலுக்கு ஆறடி தள்ளி நின்றார். ஒல்லியானவர். கைகள் மட்டும் வேறு யாருடையவையோ போலப் பெரியவை.

“தாணு சாருக்க வீடுதானே? நான் அவருக்க ஃபிட்டராக்கும்.”

அம்மா எழுந்து வந்தாள். ஃபிட்டர் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. அண்ணனோடு இருந்தவர் என்று மட்டும் புரிந்தது.

“என் மகன் எங்கடே?”

அவர் நேராகப் பார்க்கவில்லை. பிறகு சொன்னார்.

“அம்மா, மிஷினுல ஒரு கொறையும் இல்ல. நான் பாத்துக் கையெழுத்துப் போட்டு விட்டதாக்கும்.”

இதைப் பல வருஷம் யோசித்திருக்கிறேன். மகனைக் கேட்டதற்கு அவர் எஞ்சினைச் சொன்னார். அது அவருடைய தொழிலின் பழக்கம். விமானம் கிளம்புமுன் ஒரு படிவத்தில் ஃபிட்டர் முதலில் கையெழுத்திட வேண்டும். விமானி அதைப் பார்த்துக் கடைசியில் கையெழுத்திட வேண்டும். என்ன நடந்தாலும் அவர்களிடம் முதலில் கேட்கப்படுவது எஞ்சின் எப்படி இருந்தது என்பதுதான். அந்தக் கேள்விக்கான பதிலை மூன்று வருஷமாக அவர் தயாராக வைத்திருந்தார். அம்மா வேறு கேள்வி கேட்டபோதும் அதுவே வந்தது.

அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

“அப்போ எங்கியோ எறங்கியிருப்பான்” என்றாள்.

அவர் இல்லை என்று சொல்லவில்லை. அன்று ஒரு சொல் போதுமாயிருந்தது. அவரால் முடியவில்லை. அம்மா மாமரத்தடியில் இலை போடச் சொன்னாள். அவர் தலை குனிந்து சாப்பிட்டார். கிளம்பும்போது அம்மா, “அடுத்த வருஷமும் வரணும் கேட்டியா” என்றாள்.

வந்தார். ஒவ்வொரு மாசியிலும் அம்மா கேட்பாள்.

“நல்ல மிஷினுதானே சூசை?”

“நல்ல மிஷினு அம்மா.”

பிறகு இலை. பிறகு ஊர்ப்பேச்சு.

“ஒனக்குக் கல்யாணம் காட்சி ஒண்ணும் உண்டுமா இல்லியா? மிஷினையே கெட்டிக்கிட்டியா?”

“அது ஒரு எடத்துல நிக்காதே அம்மா.”

அம்மா சிரிப்பது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான்.

*

அண்ணனைப் பற்றி நான் அறிந்ததில் பாதி சூசை அண்ணன் சொன்னது. எனக்கும் அண்ணனுக்கும் வயது வித்தியாசம் அதிகம். எனக்கு நினைவிருப்பது மடித்துக் கட்டிய வேட்டியும் சவர சோப்பின் மணமும்.

அவர் சொன்ன அண்ணன் வேறு ஆள். எல்லோரும் இங்கிலீஷ் பேசும் இடத்தில் இவரைப் பார்த்து, “ஏடே சூசை, இன்னைக்கு ஒனக்க மிஷினு என்ன சொல்லுது?” என்று கேட்பாராம். ஒரே தகர மக்கில் இருவரும் தேநீர் குடிப்பார்களாம். இதைச் சொல்லும்போது சூசை அண்ணன் எங்கள் மாமரத்தடியில் இலையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். சொல்லிவிட்டு அவரே பேச்சை மாற்றினார்.

விமானம் ஹரிக்கேன். ஒற்றை எஞ்சின். ஒரே ஆள். அண்ணன் சென்றது மலைகளுக்கு மேலே பறந்து எதிரி இருக்கும் இடங்களைப் பார்த்துவிட்டு வருவதற்கு. “மிஷினு எனக்குள்ளது. சாரு கொண்டுபோயிட்டுக் கொண்டுதருவாரு, அவ்வளவுதான்” என்பார். கிளம்பிய விமானம் திரும்பும்வரை அதன் ஃபிட்டர் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. சக்கரத்துக்கு அணை வைக்கும் கட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். எவ்வளவு பெட்ரோல் ஊற்றினோம் என்று அவருக்குத் தெரியும். எத்தனை மணிக்கு மேல் அது ஆகாயத்தில் இருக்க முடியாது என்பதும் தெரியும்.

அண்ணன் திரும்பாத அன்று, அந்த நேரம் தாண்டிய பிறகும் அவர் சாயங்காலம்வரை இருந்தார். யாரும் அவரை எழுந்திருக்கச் சொல்லவில்லை.

நாகர்கோவிலில், வடசேரிச் சந்தைக்கு எதிரே ஒரு தேநீர்க் கடையில், பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவார்கள். ஒருமுறை சூசை அண்ணனோடு நானும் சென்றேன். பூனாவில் சமையல் பகுதியில் இருந்த ஒருவர்தான் அங்கே அதிகம் யுத்தம் செய்தவர். ஜப்பான் விமானங்களைக் கைவிரலால் பறக்கவிட்டுக் காட்டினார். பிறகு இவர் பக்கம் திரும்பினார்.

“ஏம்வோய் சூசை, நீரு பிளேனுல ஏறியிருக்கேரா?”

“இல்ல.”

“ஒரு தடவ கூடவா?”

“இல்ல.”

“பின்ன என்ன வோய் ஏர்ஃபோர்ஸு? நானும் கீழதான் நின்னேன், உருளைக்கெழங்கு உரிச்சிக்கிட்டு.”

எல்லோரும் சிரித்தார்கள். சூசை அண்ணனும் சிரித்தார். “மேல போனவரு எறங்கணும்னா கீழ ஒருத்தன் நிக்கணும்லா” என்றார். சமையல்காரர் அவருக்கு ஒரு தேநீர் சொன்னார். சூசை அண்ணன் அதை ஆறவிட்டுவிட்டுக் குடிக்காமல் எழுந்தார்.

*

மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் நெற்றியில் குங்குமம் இருந்தது. கழுத்தில் தாலி இருந்தது. கல்யாண வீடுகளில் குங்குமத் தட்டு பெண்களின் வரிசையில் வரும். அவள் முன்னால் வந்ததும் தட்டு நிற்கும். எடுத்து நடப்பவள் பக்கத்தில் இருப்பவளைப் பார்ப்பாள். பிறகு நீட்டுவாள், அல்லது நகர்வாள். இரண்டும் ஒன்றுதான். மதினி கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினாள். சாவு நடந்த துஷ்டி வீடுகளுக்கும். அவளுடைய அப்பா வந்து இரண்டு முறை அழைத்தார். அம்மா, “என் மகன் வரும்போது அவ இங்க இருக்காண்டாமா?” என்று கேட்டாள். இரண்டு முறையும் அவர் தனியாகத் திரும்பினார்.

ஐம்பத்துமூன்றில் ஆசிரியைப் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கி வந்தேன். மதினிதான் கேட்டாள். அதில் ஒரு கட்டம். கன்னி, சுமங்கலி, விதவை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அடிக்க வேண்டும். யுத்தத்தில் கணவரை இழந்தவர்களுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். அந்தக் கட்டத்தைத் தவிர எல்லாவற்றையும் நிரப்பி, மதினி தாளை ஒரு மாதம் பெட்டியில் வைத்திருந்தாள்.

மாசி வந்தது. சூசை அண்ணன் வந்த அன்று அம்மா சுசீந்திரம் கோயிலுக்குப் போயிருந்தாள். நான் பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னேன். அதுவரை கதவுக்குப் பின்னாலிருந்தே கேட்டுக்கொண்டிருந்த மதினி, அன்றுதான் முற்றத்துக்கு இறங்கி வந்தாள். கையில் அந்தத் தாள்.

“அண்ணே, அத்தைகிட்ட சொல்லுதத எனக்குச் சொல்லாண்டாம். நான் இதுல எழுதணும். என்ன எழுதட்டும்?”

அவர் தாளை வாங்கவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று கேட்கவும் இல்லை.

“இல்லன்னு எழுதுங்க தங்கச்சி” என்றார்.

காக்கைகள் நெல்லில் இருந்தன. யாரும் விரட்டவில்லை.

பிறகு அவரே சொன்னார். ஒரே சீராக, படிவம் வாசிப்பதுபோல.

மழை முடிந்து படை முன்னேறிய பிறகு, மலையில் விழுந்து கிடந்த ஒரு விமானத்தைப் பார்க்க ஆறு பேரை அனுப்பினார்கள். அவரும் போனார். முழுக்க எரிந்திருந்தது. எண் தெரியவில்லை. அந்த மலைகளில் விழுந்தவை மூன்று நான்கு. யாருடையது என்று சொல்ல முடியவில்லை. அவர் குனிந்து எஞ்சினின் அடியைப் பார்த்தார்.

எஞ்சினில் திருகிய ஆணிகள் அதிர்வில் கழலாமல் இருக்க, அவற்றின் தலையில் உள்ள துளை வழியே மெல்லிய கம்பியைக் கோத்து முறுக்கிக் கட்டுவார்கள். எல்லோரும் ஒரே பக்கமாக முறுக்குவார்கள். சூசை அண்ணன் இடக்கைக்காரர். அவர் முறுக்கு எதிர்ப்பக்கம் போகும். இதற்காக மேலாளிடம் திட்டு வாங்கியிருக்கிறார். அண்ணனுக்கு மட்டும் அது பிடிக்கும். ஏறுமுன் விரலால் தடவிப் பார்ப்பாராம்.

எண்ணெய் போகும் பாதையில் பக்கம்பக்கமாக இரண்டு திருகாணிகள். ஒன்றில் கம்பி இருந்தது. இடப்பக்க முறுக்கு. கரிந்திருந்தது, ஆனால் முறுக்கு கலையவில்லை. மற்றதில் துளை மட்டும்.

“முறிஞ்சு விழுந்திருக்கும். விழுந்த அடியில அறுந்திருக்கும். இல்லன்னா நான் போடல்ல. அன்னைக்குக் காலத்த மூணு மிஷினு, எல்லாம் அவசரம். ஒண்ணுல போட்டது நெனவிருக்கு. மத்ததுல போட்டது நெனவில்ல. போடாம விட்டதும் நெனவில்ல.”

அதிகாரி நோட்டுப் புத்தகத்தோடு வந்து, இது உன் விமானமா என்று கேட்டார்.

“தெரியல்ல சார்னு சொல்லிட்டேன். எனக்குள்ளதுன்னா அவரும் குனிஞ்சு அந்தத் தொளையப் பாப்பாருல்லா. பயம். வேற ஒண்ணுமில்ல.”

அதனால் அண்ணன் காணாமல் போனவராகவே இருந்தார்.

மதினி கேட்டாள். “மிச்சம் எதாவது இருந்திச்சா?”

“இருந்திச்சு. ஒரு தார்ப்பாயில எடுத்து அங்கியே அடக்கினோம். எனக்குத் தெரிஞ்ச செபத்தச் சொன்னேன். அவருக்குள்ளது எனக்குத் தெரியாது.”

பிறகு அவர் எழுந்து நின்றார். எங்கள் இருவரையும் பார்த்தார். அந்தப் பெரிய கைகளை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

“நீங்க என்ன நெனைக்கிய? நான் போட்டிருப்பனா?”

மதினி, “எனக்குத் தெரியாது அண்ணே” என்றாள்.

உண்மைதான். அவளுக்குத் தெரியாது. உள்ளே போய்ப் பித்தளைத் தம்ளரில் காப்பி கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். எங்கள் வீட்டில் அவர் நாங்கள் புழங்கும் தம்ளரில் குடித்தது அன்றுதான். நான் ஏதாவது சொல்வேன் என்று அவர் சற்று நின்றார். நான் தத்துவம் படித்தவன். நிச்சயமில்லாததைச் சொல்லக் கூடாது என்று அப்போது நம்பியிருந்தேன்.

*

மதினி தாளில் இரண்டு சொற்களை அடித்து அனுப்பினாள். இடம் கிடைத்தது.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தவள் மதினி. காலையில் குங்குமம் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்புவாள். பஸ் ஒழுகினசேரிப் பாலத்தைத் தாண்டும்போது முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொள்வாள். தாலியை ரவிக்கைக்குள் விடுவாள். பயிற்சிப் பள்ளியில் அவள் விதவை. சாயங்காலம் அதே பாலத்தில் சிறு டப்பியைத் திறப்பாள். இரண்டு வருஷம். ஒருநாள் அதே பஸ்ஸில் நானும் இருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் இறங்கும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தேன்.

சூசை அண்ணன் மாசிதோறும் வந்தார். நல்ல மிஷினுதானே என்று அம்மா கேட்டாள். நல்ல மிஷினு என்று அவர் சொன்னார். கதவுக்குப் பின்னால் மதினி. பக்கத்தில் நான். காப்பியைக் குடித்துவிட்டு அவர் உடனே கிளம்புவதில்லை. தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் இருப்பார். பேச்சு ஏதாவது வருமா என்பதுபோல. மழையைப் பற்றிப் பேசினோம். ஆலையைப் பற்றிப் பேசினோம். தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார்.

அம்மா போன கார்த்திகையில் இறந்தாள். மகன் எங்கோ இருக்கிறான் என்ற நம்பிக்கையோடுதான். அவளுடைய பதினாறாம் நாள் காரியத்தோடு அண்ணனுக்கும் செய்தோம். சாஸ்திரிகள் அண்ணன் இறந்த நாளைக் கேட்டார். சூசை அண்ணன் சொல்லியிருந்த நாளைச் சொன்னேன். மதினி தாலியைக் கழற்றினாள். யாரும் அழவில்லை. அழ வேண்டிய காலம் தாண்டியிருந்தது. சூசை அண்ணன் வந்திருந்தார். முற்றத்துக்கு வெளியே, ரோட்டோரம், முடியும்வரை வெயிலில் நின்றார். உள்ளே வரச் சொன்னதற்கு, இங்கேயே போதும் தம்பி என்றார்.

கடைசி மாசியிலும் வந்தார். கேட்க அம்மா இல்லை. சொல்ல அவரிடமும் ஒன்றும் இல்லை. மதினி அன்று விடுப்பு எடுத்து வந்து காப்பி கொடுத்தாள். மூவரும் இருந்தோம்.

*

மதினி இப்போது கடற்கரைச் சாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். பக்கத்திலேயே ஓர் அறை. நான் போய்ச் சொன்னதும் சாக்பீஸைக் கீழே வைத்தாள். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். என்னோடு பஸ் ஏறினாள்.

கடியப்பட்டணத்தில் சவப்பெட்டியைக் கோயிலிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். கூட்டம் அதிகமில்லை. ஆலை ஆட்கள், உறவினர், வடசேரிக் கடையில் கூடும் இருவர். அவர்களில் ஒருவர் பூனா சமையல்காரர். பழைய பட்டாளத்துத் தொப்பியைக் கையில் மடித்து வைத்திருந்தார். எங்கள் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. மதினி நிற்காமல் எல்லோரோடும் கல்லறைத் தோட்டத்துக்குள் நடந்தாள். குழியில் எல்லோரும் ஒரு கை மண் போட்டார்கள். அவளும் போட்டாள்.

வெளியே வந்தபோது அவருடைய அக்கா மதினியின் கையைப் பிடித்தாள். வயதானவள். குரல் அழுது அடைத்திருந்தது.

“நீதான் டீச்சரா மக்கா? ஒன்னைத்தான் கேட்டுக்கிட்டே கெடந்தான். டீச்சர் எதாவது சொல்லி விட்டாளா, டீச்சர் எதாவது சொல்லி விட்டாளான்னு. என்னத்தடே சொல்லணும்னு கேட்டா, ஒண்ணுமில்லம்பான். நீ அவன்கிட்ட என்ன மக்கா சொல்லணும்?”

மதினி அவளுடைய கையை விடவில்லை.

பஸ்ஸுக்காக நின்றோம். கடல் சத்தம் கேட்டது. மதினி கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுச் சொன்னாள்.

“போட்டிருப்பாரு தம்பி.”

“எப்படித் தெரியும்?”

“தெரியாது” என்றாள். “அத்தைக்கு அவரு எட்டு ஒம்போது வருஷம் நல்ல மிஷினுன்னு சொன்னாருல்லா. அவருக்கு என்ன தெரிஞ்சா சொன்னாரு?”

பஸ் வந்தது. அவள் முன்னால் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்தாள். நான் பின்னால். பள்ளிக்கூடத்து நிறுத்தத்தில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். வெறும் வகுப்பறைக்குள் அவள் போவது தெரிந்தது. பஸ் புறப்பட்டது.

சூசை அண்ணா, உங்கள் கையை நாங்கள் ஒருநாளும் சந்தேகப்படவில்லை. சந்தேகப்படவில்லை என்று உங்களிடம் சொல்லவும் இல்லை. நீங்கள் தம்ளரோடு உட்கார்ந்திருந்த அந்த நேரம் முழுவதும் அந்தச் சொல் எங்கள் வாயில்தான் இருந்தது.